மாம்பலத்து டாக்டரிடம் ஊசி கேட்கப் போனது

நாற்பத்தாறு வயதில் என் ஆண்மை என்னை விட்டுப் போய்விட்டதென்று முடிவு கட்டினேன். யுத்த காலம் அது. அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாமே தட்டுப்பாடாக இருந்ததால், இதுவும் தீர்ந்துபோனதில் முதலில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் பூகோள வாத்தியார். வீடு மந்தைவெளியில். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆசிய வரைபடத்தைச் சுவரில் மாட்டுவதற்குள் கை தளர்ந்துவிடும். படுக்கையில் விழுந்த மறுகணம் குறட்டை. மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் என்னை அரித்தது.

பத்திரிகையில் மீசை முறுக்கிய பயில்வான் ஒருவர் இழந்த வாலிபத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய லேகியத்தைத் தபாலில் வரவழைத்து, அட்லஸுக்குப் பின்னால் ஒளித்துவைத்து ஒரு மண்டலம் தின்றேன். இருந்த பசியும் போனது.

தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த பாய் என் சிநேகிதர். கால்சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது நாடாவை என் இடுப்பில் சுற்றிவிட்டு, "இன்னா வாத்தியாரே, ஆளே பாதியா கீறே?" என்றார். கடையில் வேறு யாரும் இல்லை. சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"லேகியம்லாம் வேலைக்காவாது. அதுக்கு இப்போ இங்கிலீஷ் ஊசியே வந்துகீது. மாம்பலத்துல ஒரு டாக்டர் கீது, ரொம்பக் கெட்டி. என் மச்சினனுக்கு உசுரு குடுத்ததே அதுதான்."

மயிலாப்பூர் டாக்டரிடம் போனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் எங்கள் மாதா கோவில் பங்கு ஜனங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாம்பலம் எனக்குச் சௌகரியமாகப் பட்டது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியை எரித்து வரும் வாயுவில் ஓடிய காலம். தேனாம்பேட்டையில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன் என்று சொல்லலாம். உண்மையில் அதன்மேல் சாய்ந்துகொண்டே போனேன்.

டாக்டர் வீட்டுப் பலகையில் இரண்டு இனிஷியல், ஒரு குடும்பப் பெயர், பட்டங்கள். உள்ளே காத்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் நிறைமாதம். பக்கத்தில் இருந்த அம்மாள் பரிவோடு, "உங்க வீட்ல எத்தனையாவது மாசம்?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான்..." என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டேன்.

என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார்.

"டாக்டர் இல்லீங்களா?"

"நான்தான் டாக்டர். உக்காருங்க. எங்கேருந்து வர்றீங்க? உடம்புக்கு என்ன?"

"மந்தைவெளி. இருமல்" என்றேன்.

"எங்கே, இருமுங்க."

இருமினேன். பள்ளி நாடகத்தில் என் மாணவர்கள்கூட அவ்வளவு மோசமாக நடித்ததில்லை.

"இருமலுக்காக மந்தைவெளியிலேருந்து இவ்வளவு தூரமா? நிஜத்தைச் சொல்லுங்க."

மைக்கூட்டைப் பார்த்தபடி நிஜத்தைச் சொன்னேன். ஊசியையும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார்.

"வெறுங்காலோட மண்ணுல வேலை செய்யறதுண்டா?"

உண்டு. யுத்தத்துக்காகப் பள்ளியில் காய்கறி பயிரிட்டோம். பொறுப்பு என்னிடம். மைதானத்து மூலையில், பையன்கள் அவசரத்துக்கு ஒதுங்கும் இடத்தை ஒட்டி வெண்டைப் பாத்தி. தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில்தான் நிற்பேன்.

"மண்ணுலேருந்து கால் வழியா ஏறுற கொக்கிப்புழு வயித்துல இருக்கும்னு நினைக்கிறேன். உங்க ரத்தத்தை எல்லாம் அது குடிச்சிட்டிருக்கு. முதல்ல அதைத் துரத்துவோம். ஊசியை அப்புறம் பாத்துக்கலாம்."

பரிசோதனையில் அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. பயில்வானின் லேகியத்தையும் அந்தப் புழுக்கள்தான் சாப்பிட்டிருக்க வேண்டும்.

பேதி மருந்து குடித்துவிட்டு நாள் முழுக்கக் கொல்லைக்கு ஓடுகிறவன் மனைவியிடம் எதை மறைக்க முடியும்? எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவ்ளோதானா? நீங்க ஏதோ நேர்த்திக்கடன்னு விரதமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்! தவக்காலத்துல ஆரம்பிச்சுது. சரி, ஈஸ்டரோட முடிஞ்சிடும்னு இருந்தேன். முடியல. சாமி காரியத்துல நாம ஏன் குறுக்கே போவணும்னு வாயே தொறக்கல. சாமியார்கிட்ட மட்டும் சொன்னேன்."

"சாமியார்கிட்டயா?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாரு."

சில மாதங்களாகப் பங்குச் சாமியார் என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இல்லாத அந்தப் புண்ணியத்தை மறுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இரும்புச் சத்து டானிக் குடித்துப் பல் கறுத்தது. நான் புகையிலை போடுவதாகப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் படியேற முடிந்தது. டாக்டரம்மாவிடம் ஊசியைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை, அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மூத்த மகன் வெட்கத்தில் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மட்டும் மந்தைவெளித் தெருக்களில், போகிற காரியம் எதுவும் இல்லாமலே, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தேன்.