கஞ்சி குடித்த காரில் சேந்தமங்கலம்

1936, மாசி மாதம், புதன்கிழமை. காலை ஆறு மணிக்குச் சேலம் குகைப் பகுதியிலிருந்து புறப்பட்டோம். நானும் என் மனைவி நாகம்மாளும் வண்டியில் இருந்தோம். பின் சீட்டில் வெற்றிலை பாக்கு, பழத் தட்டு, என் தறியிலேயே நெய்து தைத்த ஒரு சின்னப் பட்டுப் பாவாடை. அதற்குப் பக்கத்தில் இரண்டு காலன் பெட்ரோல் டின். சேந்தமங்கலம் முப்பத்தேழு மைல் என்று கணக்குப் போட்டிருந்தேன். அங்கே என் அக்கா மீனாட்சியின் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான்.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது கிடையாது. மாமன் வராவிட்டால் வேறு யாராவது அந்த இடத்தில் உட்காருவார்கள். ஆனால் பிறந்த வீட்டில் நாதி இல்லாதவள் என்ற பேர் பெண்ணுக்கு ஆயுசு முழுக்க நிற்கும். எங்கள் அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை வேறு.

இதற்குப் பஸ்ஸில் போயிருக்கலாம். அக்காவும் அப்படித்தான் கார்டு எழுதியிருந்தாள். அவளுடைய கணவரின் அண்ணன், “உன் தம்பி அந்தப் பழைய இரும்பை நம்பினா மாமன் மடி காலியாத்தான் இருக்கும். எம் மச்சானைத் தயாரா இருக்கச் சொல்லிருக்கேன்” என்று கேலி பேசினாராம். அதைப் படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ‘காரில்தான் வருகிறேன்’ என்று பதில் போட்டுவிட்டேன்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஒரு துரை விட்டுவிட்டுப் போன வண்டி. ஆறு வருஷம் கொட்டகையில் கிடந்தது; அதில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி, இரண்டு ஜோடி மாடு கட்டி மலையிலிருந்து இறக்கினேன். சேலத்து மெக்கானிக் ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க” என்றார். நான் போடவில்லை. பதினொரு மாதம், தறியிலிருந்து எழுந்த நேரமெல்லாம் அதன் அடியில் படுத்தேன். கழற்றிய ஒவ்வொரு துண்டையும் நம்பர் எழுதிப் பழைய வேட்டியில் வரிசையாக வைத்தேன். தைப்பொங்கலன்று கைப்பிடியைச் சுற்றியதும் அது இருமி, புகைந்து, ஓட ஆரம்பித்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நாகம்மாள் கோபித்துக்கொள்வாள். நம் கல்யாணத்தன்றுகூட இப்படிச் சிரிக்கவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

ஒரே ஒரு குறை மிஞ்சியிருந்தது. எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்ப் பெட்டியான ரேடியேட்டரின் அடியில் சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தது. எங்கே ஓட்டை என்று தெரியவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் நெசவுக்காரப் புத்தி ஒன்று தோன்றியது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால் பிசிறு அடங்கி இழை கெட்டிப்படும்; ரேடியேட்டர் மட்டும் என்ன விதிவிலக்கு? ஒரு செம்பு பாவுக் கஞ்சியை உள்ளே ஊற்றிவிட்டேன். கசிவு நின்றது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

ஏழு மணிக்கு மல்லூர் தாண்டினோம். நேர் வழியில் போகாமல் வலது கைப்பக்கம் வெண்ணந்தூர்ப் பாதையில் திருப்பினேன். அந்த வழியில் குழி குறைவு என்று நாகம்மாளிடம் சொன்னேன். வெண்ணந்தூர் தறிக்காரர்கள் காரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் நிஜமான காரணம். அது அவளுக்கும் தெரியும். “குழி குறைவுங்களா?” என்று கேட்டு, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழரை மணிக்கு வெண்ணந்தூர் நெசவாளர் தெருவில் நுழைந்தோம். தெரு நெடுகப் பாவு நீட்டியிருந்தார்கள். மூங்கில் கவைகளின்மேல் நூறடிக்குக் குறையாத நூல் விரிப்பு; இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தோய்த்து நீவிக்கொண்டிருந்தார்கள். ஈரப் பாவை நடுவில் தூக்கச் சொல்வது பாவம். நானே அதைக் கேட்டால் என் கை விளங்குமா? காத்திருந்தேன். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்பக் கை ஒடிந்துவிடும் என்று அதை ஓடவிட்டபடியே காத்திருந்தேன். அது இரண்டாவது தப்பு.

கால் மணி நேரத்தில் வண்டியின் மூக்கிலிருந்து ஆவி சீறியது. தெரு முழுக்க ஒரு மணம் பரவியது. பாவு நீவிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் கஞ்சிப் பானையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் காரைப் பார்த்தார்கள். அந்தப் பாவுக்குச் சொந்தக்காரி செல்லம்மாள், நாற்பது வயதிருக்கும், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க, உங்க வண்டி கஞ்சி காச்சுதுங்களா?”

தெருவே சிரித்தது. நாகம்மாள் வேறு பக்கம் பார்த்தாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. போகிற காரியத்தையும் நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். ஊற்றிய கஞ்சி சூட்டில் இறுகி, ரேடியேட்டரின் சிறு குழாய்களை எல்லாம் அடைத்திருந்தது. தண்ணீர் ஓட வழியில்லை.

எட்டேகால் மணி. எஞ்சின் ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் இரும்பு வெடித்துவிடும். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் காது குத்தியாக வேண்டும். ராசிபுரம் போகிற காலைப் பஸ்ஸும் போய்விட்டது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். கிடைத்த புதனை நான் கஞ்சியில் கரைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முகம் கண்ணில் வந்து நின்றது.

எட்டே முக்காலுக்கு ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றி மேலிருந்து குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். ஒன்றும் இறங்கவில்லை.

“தறி நெய்யறவர்தானுங்களே நீங்க?” என்றார் செல்லம்மாள். “எறுகின கஞ்சி பச்சத் தண்ணிக்குப் போகுங்களா? சுடு தண்ணி வெச்சிருக்கறேன், எடுத்துக்குங்க.”

எனக்குத் தெரிந்த விஷயம்தான். பதற்றத்தில் மறந்துபோயிருந்தது. ஆறு குடம் வெந்நீர் ஊற்றினேன். முதலில் கொழகொழவென்று வந்தது, பிறகு பால் மாதிரி வந்தது, கடைசியில் தெளிந்த நீராக இறங்கியது. குழாயை மாட்டித் தண்ணீர் நிரப்பினேன். கைப்பிடியின் எட்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. உடனே பழைய சொட்டு திரும்பிவிட்டது. இப்போது சொட்டு அல்ல, ஒழுக்கு.

ஒன்பதே காலுக்குத் தெருவில் மல்லாக்கப் படுத்தேன். இந்த முறை ரேடியேட்டரைப் பார்க்கவில்லை. ஈரத்தின் பின்னாலேயே போனேன். அறுந்த இழையைப் பாவுக்குள் தேடுவது போல விரலால் தடவிக்கொண்டே போனேன். ஈரம் அடிக்குழாய்மேல் ஏறியது. குழாய் முடிகிற இடத்தில், தண்ணீரைச் சுழற்றி அனுப்புகிற பம்பில் போய் நின்றது. பம்பின் அச்சு உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு பெரிய நட். அதன் விளிம்பில் நீர் முத்து முத்தாகத் துளிர்த்தது. பதினொரு மாதமும் ஓட்டை இங்கேதான். குழாய் வழியே சரிந்து வந்து ரேடியேட்டரின் அடியில் சொட்டி என்னை ஏமாற்றியிருக்கிறது. வண்டி முழுவதும் கழற்றிய நான் இந்த ஒரு நட்டை மட்டும் தொடவில்லை. பெயிண்ட் அடித்திருந்ததால் அது தனி உறுப்பு என்றே தெரியவில்லை.

எஞ்சினை நிறுத்தி நட்டைத் திருகி எடுத்தேன். உள்ளே அச்சைச் சுற்றி நீர் கசியாமல் அடைத்திருந்த பொருள் கரிந்து பொடிப்பொடியாக விரலில் வந்தது. தேய்த்துப் பார்த்தேன். நூல்! எண்ணெயில் தோய்த்து முறுக்கிய பருத்தி நூல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் இரும்பு வேலை தெரியாதவன் என்று ஊர் என்னைப் பேசியது. வண்டி என்னிடம் கேட்டதெல்லாம் ஒரு முழம் நூல்.

“அம்மா, கொஞ்சம் பாவு நூல் கொடுப்பீங்களா? கஞ்சி படாததா வேணும்.”

“கஞ்சின்னா அத்தனை பயமாப் போச்சுங்களா?” என்று சிரித்துக்கொண்டே ஒரு சிட்டம் நூல் எடுத்து வந்தார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை நான் முறுக்கினேன். சுண்டு விரலில் பாதி கனத்துக்குக் கயிறானதும் விளக்கெண்ணெயில் தோய்த்து, மேலே கிரீஸ் தடவினேன்.

முதல் தடவை சுற்றி நட்டை இறுக்கியபோது கயிறு பிதுங்கி வெளியே வந்தது. உடனே மறுபடி திணிக்கப் பார்த்தேன்.

“அவசரத்துல அண்டாக்குள்ளகூடக் கை போகாதுங்க,” என்றாள் நாகம்மாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, கழற்றிய சாமான்களைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

நின்று யோசித்தேன். நட் வலமாக இறுகுகிறது. நான் இடமாகச் சுற்றியிருக்கிறேன். முறுக்குக்கு எதிராகத் திருப்பினால் எந்த நூலும் பிரியத்தான் செய்யும். வலமாகச் சுற்றினேன். நட்டை இறுக்கும்போது பாவின் விறைப்பைப் பார்க்கிற அதே நிதானத்தில் பார்த்தேன். தளர்ந்தால் ஒழுகும், மிஞ்சினால் அச்சு சுழலாது. போதும் என்று விரல் சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.

எஞ்சின் ஓடியது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு உருண்டு விழுந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தோம். வரவில்லை. பொங்கலன்று வந்த சந்தோஷம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அன்று ஓடியது எப்படி என்று எனக்கே தெரியாது; இன்று தெரிந்து செய்தேன்.

பாவு காய்ந்து, அதைச் சுருட்டியிருந்தார்கள். பத்து இருபதுக்குத் தெரு திறந்தது. நூலுக்குக் காசு எடுத்தபோது செல்லம்மாள் கையைத் தட்டிவிட்டார். “மாமனாட்டம் போயி மடி குடுங்க சாமி.”

பத்தே முக்காலுக்கு ராசிபுரம். பேளுக்குறிச்சிப் பாதையில் வலது புறம் வயலும் இடது புறம் கொல்லிமலையுமாக வண்டி மணிக்கு இருபது மைலில் ஓடியது. பேளுக்குறிச்சியில் பதினொன்றேகாலுக்கு இரண்டு நிமிஷம் நிறுத்தி நட்டைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. பதினொன்று நாற்பதுக்குச் சேந்தமங்கலம்.

தெருமுனையிலேயே அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே பாயில், எனக்குப் பதிலாகத் தயாராக வைத்திருந்த மச்சான் உட்கார்ந்தே விட்டிருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து இடம் விட்டார். என் இரண்டு கையும் மணிக்கட்டுவரை கறுப்பு. “கை கழுவிக்கிட்டு வந்துருங்க,” என்றார் ஊசியோடு காத்திருந்த பத்தர்.

“நேரமில்லீங்க, குத்துங்க,” என்றாள் அக்கா.

குழந்தை வள்ளியை மடியில் வாங்கினேன். ஊசி இறங்கியதும் அவள் வீறிட்டு என் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு காதும் முடிந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அவளுடைய உள்ளங்கையும் கறுப்பு, புதுப் பட்டுப் பாவாடையில் ஐந்து விரலும் கறுப்பு. சாப்பாடு முடிந்ததும் கேலி பேசிய பெரியவர் காரை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, “அந்த நூலு எந்த எடத்துலீங்க வெச்சீங்க?” என்று கேட்டார். நானே எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினேன்.

நான்கு மணிக்குப் புறப்பட்டோம். அக்கா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வண்டிப் படியில் வைத்தாள். “தண்ணிதான் சாமி, கஞ்சியில்லை,” என்றாள். நாகம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள்.

“பன்னெண்டு அடிச்சிருந்தா என்னக்கா பண்ணியிருப்பே?” என்று கேட்டேன்.

“என்ன பண்ணறது? குழந்தையத் தூக்கிக்கிட்டு ஊட்டுக்குள்ள வந்திருப்பேன். அடுத்த புதன் வராமயா போயிரும்? நீ வராம நான் காது குத்தறதா இல்லை.”

என் மடியைக் காப்பாற்றியது நான் முறுக்கிய நூல் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மடியை அவள் காலையிலிருந்தே தெருமுனையில் நின்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

குகையில் என் வீட்டு வாசலில் பதினொரு மாதம் அந்த வண்டியைப் பழுது பார்த்தேன். அங்கே தவறினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அருகில் விளக்கும் கருவியும் இருக்கும். வெண்ணந்தூர்த் தெருவில் கற்றுக்கொண்டதை வீட்டு வாசலில் கற்றிருக்க முடியாது. திரும்பும்போது நேர் வழியிலேயே வந்தோம். ஆனாலும் இரண்டு இடத்தில் நிறுத்தி நட்டைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டாவது தடவை நாகம்மாளும் இறங்கி வந்து, என் கையை நகர்த்திவிட்டுத் தானும் தொட்டுப் பார்த்தாள்.