ஸ்டேப்ளர் அடித்த விடைப் பக்கங்கள்

1. ஜூஜுவாடி

தோளில் பையை மாட்டிக்கொண்டு ஜூஜுவாடிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு தட்டு. இன்னும் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகம் வந்துவிடும். அங்கே ஏதாவது வேலை இருக்கும் என்பதைத் தவிர வேறு திட்டம் எதுவும் இல்லை. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. மாம்பழக்கூழ் ஃபேக்டரி, கிரானைட் பட்டறை, ரோஜாப் பண்ணை, லாரி கிளீனர் என்று பலதையும் பார்த்து முடித்திருந்தேன். ஒரு வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல.

அன்று காலை விட்டது ஓசூரில் ஒரு அலுமினிய டை காஸ்டிங் கம்பெனி வேலை. அங்கே நான் ஃபெட்லிங் செக்‌ஷன். அச்சிலிருந்து வரும் துண்டின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். ராவிய துண்டை அளவு பார்க்கும் கேஜில் விட்டுப் பார்ப்போம். உள்ளே போனால் பாஸ்.

என் கண் முழுக்க சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி மேல்தான். ஆள் இல்லாத நேரத்தில் பழைய டிரைவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். அவர் வேலையை விட்டதும் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"நீ நல்லா ஓட்டுவ மாதேசு, நான் இல்லங்கல. பத்தாவது பாஸா?"

"கணக்கு மட்டும் போச்சு சார். மத்ததெல்லாம் பாஸ்."

"அந்த 'மட்டும்'தான்பா கேக்குறாங்க" என்றார்.

அடுத்த நாள் அந்த சீட்டில் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். அரத்தை மேசைமேல் வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2. டீக்கடை மாடி

வெயில் தாங்காமல் ஜூஜுவாடியில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடை பாஷா பாய் என்பவருடையது. மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கியது: 'பத்தாம் வகுப்பு கணக்கு. வேலைக்குப் போறவங்களுக்கு மாலை வகுப்பு.'

அட்டையை நான் இரண்டு தடவை படித்ததை பாய் கவனித்துவிட்டார்.

"எம் பொண்ணுதான் நடத்துது. பி.எட். முடிச்சிட்டு வேலைக்குக் காத்துக்கினு இருக்குது. நீ எந்தப் பாடத்துல போன?"

"கணக்கு."

"மேல போ. உன்னை மாதிரி ஏழு பேர் இருக்காங்க. கீழ எனக்கு கிளாஸ் கழுவ ஆள் வேணும். ரெண்டுக்கும் படி ஒண்ணுதான்."

பகலில் கிளாஸ் கழுவுவேன். மாலையில் கிளாசில் உட்காருவேன். கடைக்குப் பின்னால் படுக்கை. பாயின் மகள் ஷர்மிளா என்னைவிட ரொம்பச் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். "அண்ணா, வாய்ப்பாடு பதிமூணு சொல்லுங்க" என்பார். முப்பத்தாறு வயதில் எழுந்து நின்று பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்வது எப்படி இருக்கும் என்று சொன்னவனுக்குத்தான் தெரியும்.

மற்ற ஏழு பேரும் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். அதில் நாகமணி, சூளகிரிப் பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வரும் பெண். லைன் லீடர் ஆவதற்கு அவருக்கும் இந்த ஒரு பாடம்தான் குறை. வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம், எங்களைக் கிண்டல் பண்ணும்போது தமிழ்.

3. 2925 எங்கிருந்து வந்தது?

முதல் மாதம் எனக்குக் கணக்கு பிரமாதமாக வந்தது. புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கும். முதலில் அதைப் பார்த்துக்கொள்வேன். பிறகு மேலிருந்து நாலு வரி, கீழிருந்து நாலு வரி எழுதுவேன். நடுவில் இரண்டும் இடிக்கும் இடத்தில் கொஞ்சம் ராவினால் சேர்ந்துவிடும். மைனஸுக்கு ஒரு கோடு போட்டால் ப்ளஸ். கம்பெனியில் பத்து வருடமாகச் செய்த வேலைதானே இது, கேஜுக்குள் போனால் பாஸ்.

ஒருநாள் மேடம் புத்தகத்தில் இல்லாத கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதினார். ஒரு லாரி 120 கிலோமீட்டரை ஒரே வேகத்தில் போகிறது. வேகத்தை மணிக்கு 20 கிலோமீட்டர் கூட்டினால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும். அப்படியானால் முதலில் போன வேகம் என்ன? நாங்கள் கேட்டுக்கொண்டதால் ஓரத்தில் விடையும் எழுதினார்: 45.

கொஞ்ச நேரத்தில் நான் எழுந்தேன். "வந்துருச்சு மேடம். நாப்பத்தஞ்சு."

"எனக்கும் நாப்பத்தஞ்சு" என்று வரிசையாகச் சொன்னார்கள். நாகமணி மட்டும் அழிப்பதும் எழுதுவதுமாக இருந்தார்.

"எனக்கு வரல மேடம். மூணு வாட்டி போட்டுட்டேன். நாப்பதுதான் வருது."

எல்லோரும் சிரித்தோம். நான் பெரிய மனிதன் தோரணையில், "எங்கியோ மைனஸ் விட்டிருப்ப, நல்லா பாரு நாகமணி" என்றேன்.

மேடம் பலகையைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, வேற கணக்கோட விடையை எழுதிட்டேன். இதுக்கு நாப்பதுதான். மணிக்கு நாப்பதுல போனா மூணு மணி நேரம், அறுபதுல போனா ரெண்டு. ஒரு மணி குறையுது, சரியா இருக்கு."

ஏழு பேரும் நோட்டை மூடினோம். மேடத்துக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"அப்போ நீங்க ஏழு பேரும் எப்படி நாப்பத்தஞ்சைக் கொண்டு வந்தீங்க?"

மேடம் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஐந்தாவது வரியில் 2400 இருந்தது. ஆறாவது வரியில் அது 2925 ஆகியிருந்தது. 45-ஐ, அதோடு 20 கூட்டிய 65-ஆல் பெருக்கினால் 2925 வரும்.

"அண்ணா, இந்த 2925 எங்கிருந்து வந்துச்சு?"

"கீழருந்து மேடம்."

கோபப்பட வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். சிரிப்பு முந்திக்கொண்டது. நாகமணி மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தார். கீழேயிருந்து பாய், "என்னா மேல, கணக்கா காமெடியா?" என்று குரல் கொடுத்தார்.

சிரித்து முடித்ததும் மேடம் ஸ்டேப்ளரைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் எட்டுப் பேர் புத்தகங்களிலும் விடைப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து மூன்று பின் அடித்தார். "பரீட்சையில பின்னாடி விடை இருக்காதுண்ணா" என்று மட்டும் சொன்னார்.

4. படியில் ஒரு பேச்சு

அதன்பிறகு எனக்கு ஒரு கணக்கும் வரவில்லை. ராவுவதற்கு அளவே இல்லாமல் போய்விட்டது. மேடம் ஒரே ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். வந்த விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும், பொருந்தாவிட்டால் தப்பு. நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு மாலையில் ஐந்து கணக்கு செய்தால் ஐந்தும் பொருந்தாது. இரண்டு வாரம் இப்படியே போனது. ஒருநாள் கடை ஓய்ந்த நேரத்தில் பையைக் கட்டினேன்.

வகுப்புக்கு வந்த நாகமணி படியடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏமண்ணா, மூட்டை கட்டியாச்சா?"

"எனக்கு இது வராது நாகமணி. நேத்து அஞ்சும் தப்பு."

"தப்புன்னு யார் சொன்னா?"

"நானே திருப்பிப் போட்டுப் பாத்தேன்."

"போன மாசம் அஞ்சும் ரைட்டுன்னு சொல்லிக்கினு திரிஞ்சீங்க. அப்பவும் அஞ்சும் தப்புதான். இப்போ உங்களுக்கே தெரியுது. இது அதவிட மேலயா கீழயா? போறதுன்னா போங்க, எனக்கென்ன. உங்க இடத்துல காத்தாடிக் காத்து நல்லா வரும், நான் உக்காந்துக்கறேன்."

காற்றாடிக்கு அடியில் இருந்த இடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பையை மறுபடி கடைக்குப் பின்னால் வைத்தேன். உண்மையான காரணம் அதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரம்தான் ஒரு கணக்கு பொருந்தியது. சின்னக் கணக்கு, இரண்டு மதிப்பெண். பின் அடித்த பக்கத்தை யாரும் பிரிக்காமலேயே அது சரி என்று எனக்குத் தெரிந்தது. அன்று இரண்டு கிளாஸை உடைத்தேன். பாய் துடைப்பத்தை மட்டும் நீட்டினார்.

5. மைனஸ் கோபுரம்

துணைத்தேர்வு அன்று எனக்கு விழுந்த ஹாலில் என்னைத் தவிர எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள். ஒரு பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து, "குட் மார்னிங் சார்" என்றான். பக்கத்து பெஞ்சில் நான் உட்கார்ந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதும் கிராஃபும் எனக்குக் கைவேலை மாதிரி. இரண்டையும் முதலில் முடித்தேன். பிறகு கோபுரக் கணக்கு. கோணங்களும் தூரமும் கொடுத்திருந்தார்கள், உயரம் கேட்டிருந்தார்கள். போட்டேன். உயரம் மைனஸில் வந்தது. பழைய மாதேஷ் என்றால் மைனஸை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பான். கோபுரத்தைப் பூமிக்குள் யாரும் கட்டமாட்டார்கள் என்று ஒரே கோடாக எல்லாவற்றையும் அடித்தேன். படத்தை மறுபடி பெரிதாக வரைந்தேன். பார்க்கிற ஆளைத் தப்பான பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். அவரை நகர்த்தியதும் முப்பது மீட்டர் வந்தது. திருப்பிப் போட்டேன், பொருந்தியது. கடைசிவரை பொருந்தாத மூன்று கணக்குகளை வெறுமனே விட்டேன்.

ரிசல்ட்டை டீக்கடையில் மேடத்தின் போனில்தான் பார்த்தோம். நாகமணிக்கு 71. எனக்கு 47. "இது லாரி வேகமும் இல்ல, பின்பக்க விடையும் இல்ல, உங்க மார்க்குதாண்ணா. நம்புங்க" என்றார் நாகமணி. பாய் அன்று எல்லோருக்கும் டீ கொடுத்தார். கிளாஸை நான்தான் கழுவினேன்.

கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். விடை வரவில்லை என்றால் வரவில்லை என்றே இருக்கட்டும். வராத இடம் எது என்று தெரிந்தால் நாளைக்கு அங்கிருந்து ஆரம்பிக்கலாம். வரவழைத்துவிட்டால் அந்த இடமே மறைந்துபோகும்.

மறுநாள் காலை குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் வேலை கேட்டுப் போய் நின்றேன். நான் பிரிண்ட் எடுத்துப் போயிருந்த மதிப்பெண் தாளை மேனேஜர் பார்த்தார். சரக்கு அடுக்கிய ஒரு பேலட்டைக் காட்டி, "இது மேல் ரேக்ல ஏறுமாப்பா?" என்றார்.

பார்வைக்கு ஏறும் போலத்தான் இருந்தது.

"தெரியல சார். அளந்துட்டுச் சொல்றேன்."

டேப் கொடுத்தார். அளந்தேன். இரண்டு விரல் அளவு இடித்தது. "ஏறாது சார்."

"போன ஆளு ஏறும்னுதான் சொன்னான்" என்று வளைந்துபோன ஒரு இரும்புச் சட்டத்தைக் காட்டினார். "ட்ரெய்னியா போடறேன். லைசென்ஸ் வர்ற வரைக்கும் ஓட்டக் கூடாது. பேட்டரிக்கு சார்ஜ் போடு, வண்டியைத் துடை."

சார்ஜ் போட்டேன், துடைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனார்கள். நான் டிபன் டப்பாவோடு ஃபோர்க்லிஃப்ட் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி அணைந்துதான் இருந்தது. ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.