தேங்காய் எண்ணெய் போட்ட டிரம்பெட்

என் மனைவியின் தம்பி புது டிரம்பெட் வாங்கி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை இப்போதாவது ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். கம்பம் ஊரில் ஒரே பேண்டு செட்டில் வாசிப்பவர்கள் நாங்கள். கல்யாண ஊர்வலத்தில் பாட்டின் முதல் வரியை ஒரு டிரம்பெட் தனியாக எடுக்கும். அதற்குப் பிறகுதான் டிரம்மும் மற்றவையும் சேரும். பன்னிரண்டு வருஷமாக அந்த முதல் வரி என்னுடையது.

என் டிரம்பெட் யாரோ ஊதித் தேய்த்துவிட்டு விற்றது. பூச்சு போய்ப் பித்தளை கறுத்திருக்கும். வேன் கூரையிலிருந்து விழுந்ததில் வாயில் ஒரு நசுங்கல். மூன்று பிஸ்டன்களும் லொடலொடவென்று ஆடும். இடுக்கில் காற்று கசியும் என்பதால் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விடுவேன். அது கெட்டியாக நின்று இடுக்கை அடைக்கும். மேல் சட்ஜம் எப்போதும் கொஞ்சம் இறங்கியே பேசும். உதட்டை இறுக்கி அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். கரகரத்த சத்தம்தான், ஆனால் கனமான சத்தம்.

அவனுடையதற்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. லேசாக ஊதினாலே பேசியது. பிஸ்டன் விரல் பட்டதும் இறங்கியது, விட்டதும் எகிறியது. மேல் சட்ஜம் தானாகப் போய் உட்கார்ந்தது. நான் இத்தனை வருஷம் உதடு வீங்க எடுத்ததை அவன் சும்மா நின்றுகொண்டு எடுத்தான். ஒரே மாதத்தில் பேண்டு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே எடுப்ப அவன் வாசிக்கட்டும்ப்பா. கல்யாண வீட்டுக்காரக அந்தப் புதுச் சத்தத்தத்தான் கேக்குறாக" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த நாளே அவன் வீட்டுக்கு வந்தான். டிரம்பெட்டோடு வந்த எண்ணெய்க் குப்பி தீர்ந்துவிட்டதாம்.

"மச்சான், பிஸ்டனுக்கு என்ன எண்ணெ போடுறீக?"

"தேங்கா எண்ணெதான் மாப்ள."

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் இடுக்கே இல்லாத புதுப் பிஸ்டனுக்கு அது ஆகாது. குளிர் வந்து அது உறையத் தொடங்கினால் நானே தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறிவிடுவேன். அதை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

தை மாதம் லோயர் கேம்பில் ஒரு கல்யாணம். விடியும் முன்பே மாப்பிள்ளை அழைப்பு. மலையிலிருந்து இறங்கிய காற்றில் எல்லோரும் காதுக்குத் துண்டு கட்டியிருந்தோம். மாஸ்டர் கையைக் காட்டியதும் அவன் முதல் வரியை எடுத்தான். இறங்கிய பிஸ்டன் மேலே வரவில்லை. விரலால் நோண்டினான், ஊதினான். ஒரே சுரம் எருமை மாதிரி கத்தியது. "ஏலே, பீப்பி அடைச்சுக்கிருச்சா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்க, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் முன்னால் போய் வரியை எடுத்தேன். அவ்வளவு நன்றாக நான் எப்போதும் வாசித்ததில்லை.

திரும்பி வரும்போது வேனில் அவன் என்னைத் திட்டுவான் என்றுதான் காத்திருந்தேன். அவனோ புது டிரம்பெட்டைத் தூக்கி என் மடியில் வைத்தான்.

"புதுசுக்கு நான் லாயக்கில்ல மச்சான். அனுபவம் உள்ளவுக நீங்க வாசிங்க. உங்க பழசு எனக்குப் போதும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பிஸ்டன்களை வெந்நீரில் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். மூன்றும் பறந்தன. ஆசையாக மேல் சட்ஜத்தைப் பிடித்தேன். சுருதிக்கு மேலே ஏறி நின்றது. மறுபடி ஊதினேன், மறுபடியும் ஏறியது. பழசின் குறையை நிமிர்த்தியே பழகிய உதடு, குறையில்லாததையும் போய் நிமிர்த்தியது. இறுக்காமல் ஊதலாம் என்றால் பன்னிரண்டு வருஷப் பழக்கம் விடவில்லை. இன்றுவரை விடவில்லை.

அவனோ இரண்டு வாரத்தில் என் பழசைப் பிடித்துக்கொண்டான். வைகாசியில் வடுகபட்டிக் கல்யாணத்தில் நல்ல வெயில். அந்தச் சூட்டில் என் சுருதி இன்னும் ஏறியது. நான் எடுத்த வரியைப் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திய மாஸ்டர், அவனை முன்னால் வரச் சொன்னார். என் டிரம்பெட் எனக்கு எதிரே நின்று கனமாகப் பேசியது. இந்தச் சத்தம் அதற்குள் இருந்ததா என்று எரிச்சலோடு கேட்டுக்கொண்டு நின்றேன்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்க சொன்னாப்ல தேங்கா எண்ணெதான் மச்சான் விடுறேன். இதுக்கு என்னமா சேருது!"

தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி என் சட்டைப் பையில்தான் இருந்தது. வெயில் காலத்தில் அவனுக்கு எதற்கு என்று வெளியே எடுக்கவில்லை. இப்போது மார்கழி பிறந்துவிட்டது. தையில் மூன்று கல்யாணம், மூன்றும் விடிகாலையில். குப்பி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.