கண்ணில்லாத ஏழாவது பறவை

நீங்கள் பொய் சொல்கிறீர்கள், முதலாளி. அந்தப் புடவையை நீங்கள் வரையவில்லை. என் அக்கா வரைந்தாள்.

படிக்கிறவர்களுக்கு ஆளைச் சொல்லிவிடுகிறேன். இவர் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர். என் அக்கா இவர் கடையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டாள். அதைப் பார்த்து, தறிமேல் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்துகிறவள் நான். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் புடவையில் சரிகை தெரியும். ஓட்டை இல்லாத இடத்தில் வெறும் பட்டு. அந்தப் புடவையில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

அக்காவுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று போர் விமானம். செவிலிமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது வானத்தில் சத்தம் கேட்டால் ஈரத்துணியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நிற்பாள். அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து வரும் கனத்த விமானங்களை மதிக்கவே மாட்டாள். லாரி என்பாள். எப்போதாவது ஒரு ஜெட் போகும். நான் சத்தம் வரும் இடத்தில் தேடுவேன்.

"அங்க இன்னாடி பாக்கற? அது எப்பவோ போயிடுச்சு. சத்தத்துக்கு முன்னால பாரு" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்புவாள். அங்கே ஒரு சின்ன முக்கோணம் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்று, வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்கள். கண்ணாடித் துகள் பக்கவாட்டில் மழையாக அடிக்கும் கிரகம். கரியைவிடக் கறுப்பான கிரகம். ஒரு பக்கம் எப்போதும் பகலாகவும் மறுபக்கம் எப்போதும் இரவாகவும் இருக்கும் கிரகம். சாப்பிடும்போதுதான் சொல்வாள். அங்கே இப்போதும் மழை பெய்துகொண்டிருக்கிறது, பார்க்க ஒருவரும் இல்லை என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அவளுக்கு அதில் சிரிப்பு.

அந்தக் கிரகங்களைத்தான் புடவையில் போட்டாள். உடல் பாதி கறுப்பு, பாதி அரக்கு. நடுவில், இரவும் பகலும் தொடும் இடமாக, விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் கோடு. உயிர் என்று ஏதாவது இருந்தால் அந்தக் கோட்டில்தான் இருக்க முடியும் என்றாள். உடல் நீளத்துக்கும் பெரிய பெரிய வட்டப் புட்டா. ஒவ்வொரு வட்டமும் ஒரு கிரகம். கறுப்பு பார்டரில் சரிகை அன்னங்கள் வரிசையாகப் போகும். ஆறு அன்னத்துக்கு அப்புறம் ஏழாவதாக ஒன்று. அதற்குக் கழுத்து இல்லை, கால் இல்லை, கண் இல்லை.

குத்த ஆரம்பித்தபோது தப்பு விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். போய்க் கேட்டேன்.

"அது பறவ இல்லடி, ஜெட்டு. யார்கிட்டயும் சொல்லாத. ஒரு புள்ளி மாத்தாம குத்து" என்றாள். பிறகு, "சூரியனே இல்லாம தனியா போய்க்கினு இருக்கற கிரகமும் இருக்குது. அத கடைசி வட்டமா போட்டிருக்கேன். உள்ள ஒண்ணும் வெக்கல" என்றாள்.

ஒரு புள்ளி மாற்றாமல் குத்தினேன். ஓரிக்கைத் தறிக்காரர் ஒருவர் முதல் புடவையை நெய்தார். அது தறியிலிருந்து இறங்குவதற்குள் அக்கா இறந்துவிட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தத் தறிக்காரர் அட்டைச் சரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டாவது புடவையைத் தொடமாட்டேன் என்றார்.

"ஏழாவது பறவைக்குக் கண்ணு வெக்கலியேம்மா. கண்ணு தொறக்காத பறவைய தோள்ல போட்டுக்கினு கல்யாணப் பொண்ணு மணையில குந்தலாமா? நெய்யறவனுக்கும் ஆவாது, கட்டறவளுக்கும் ஆவாது."

அது பறவையே இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதே என்று அவள் சொல்லியிருந்தாள். கடையில் தெரிந்தால் டிசைனிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. ஒரே ஒரு ஓட்டையின் மேல் காகிதம் ஒட்டினேன். சரிகைக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். கண் வந்துவிட்டது. தறிக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு மற்றத் தறிகளுக்கு நகல் எடுத்தபோதும் அந்த ஓட்டையைக் குத்தாமல் விட்டேன்.

அன்றிலிருந்து அது என்னைப் பார்க்கிறது. அட்டைச் சரம் தறிமேல் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசி அட்டை முடிந்தால் முதல் அட்டை வரும். நான் கண் வைத்த அட்டையும் வந்துகொண்டே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் தோளில் பார்த்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பாலாற்றுப் பாலம் வரை போய்விட்டேன். ஒரு கல்யாணத்தில் சாம்பார் ஊற்றக் குனிந்தவளின் முந்தானையில், என் இலைக்கு நேர் மேலே, பார்த்தேன். அப்படியே எழுந்து கை கழுவினேன். எதிர்வீட்டுக் கொடியில் பார்த்த பிறகு மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஜெட் சத்தம் கேட்டால் இன்னமும் என் தாடையில் விரல் படுகிறது. நான் திரும்புவதில்லை.

கண் வைக்காத புடவை உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அந்த முதல் புடவை. அது உங்களிடம் இருக்கிறது, முதலாளி.

போன மாதம் கல்யாண மண்டபத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதே புடவையை மேடையில் விரித்தீர்கள். நவகிரகப் புடவை, கட்டினால் தோஷம் போகும், என் சொந்தக் கற்பனை என்றீர்கள். ஏழாவது பறவையைக் காட்டி ஒரு அம்மாள் கேட்டார். பழைய கோயில் தூண் ஒன்றில் இருக்கிறது, நானே பார்த்து வரைந்தேன் என்றீர்கள். கூட்டம் கை தட்டியது. மூன்றாவது வரிசையில் நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அட்டையைக் குத்தித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடைக்கு வந்து கேட்டேன். எனக்குக் காபி சொன்னீர்கள். "உங்க அக்கா கம்ப்யூட்டர தட்டினாம்மா. யோசன என்னுது" என்றீர்கள். காபியைத் தொடவில்லை. அன்றோடு உங்கள் வேலையை விட்டேன். பயமும் விட்டது.

நவகிரகம் ஒன்பது. புடவையில் வட்டங்களை எண்ணிப் பாருங்கள். பதினொன்று இருக்கிறது. பதினொன்றாவதற்குள் ஏன் ஒன்றும் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா?

அதே மண்டபத்தில், அதே கூட்டத்துக்கு முன்னால், அந்தப் புடவையை விரியுங்கள். நானும் வருகிறேன். காஞ்சிபுரத்தில் தூணுக்குப் பஞ்சமில்லை. கழுத்தும் காலும் கண்ணும் இல்லாத அந்தப் பறவை எந்தக் கோயிலில், எந்தத் தூணில் இருக்கிறது? மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.