மிஞ்சிய சன் ஃபிலிமும் மங்கிய வெள்ளையும்

கார் கண்ணாடிக்கு ஒட்டியதுபோக மிஞ்சிய கறுப்பு சன் ஃபிலிமை மடிப்பு விழாமல் அட்டைக் குழலில் சுற்றி, பீரோமேல் படுக்கவைத்திருந்தேன். சித்திரை வெயில் தாங்காமல், எங்கள் பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் மேசையருகே உள்ள ஜன்னலுக்கு அதை அளவெடுத்து ஒட்டினேன். கண்கூச்சம் போனதில் எனக்குப் பெருமை.

மறுநாள் சாயப்பட்டறையிலிருந்து வந்த வெள்ளைத் துணி முழுவதும் மங்கலாகத் தெரிந்தது. பட்டறைக்காரர் சுப்பிரமணியை போனில் கூப்பிட்டு, "எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்குங்க. இனி நமக்குள்ள ஒத்துவராதுங்க" என்றேன். எங்கள் வேலையை நம்பித்தான் அவர் பட்டறையே ஓடுகிறது.

பதறி வந்தவர் துணியைப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க வேட்டியும் நம்ம பட்டறையிலதான் வெளுத்ததுங்களா?"

குனிந்தேன். காலையில் பளிச்சென்று உடுத்திய வேட்டியும் அதே மங்கலில் இருந்தது. துணியை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெயிலில் அது பால்போல் வெளுத்திருந்தது.

"தப்பு என்னுதுங்க. மன்னிச்சுக்குங்க."

"அத விடுங்க. மொதல்ல ஒரு டீ சொல்லுங்க."

ஃபிலிமை அன்றே உரித்துவிட்டேன். குழலில் இருந்த மீதி, துணி பார்க்காத சாப்பாட்டு அறை ஜன்னலுக்குப் போனது. இத்தனை வருட உறவை ஜன்னலைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் முறித்துவிட இருந்தேன். அவர் டீயை ஊதிக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சே சீரானது.