அங்கிப்பேயின் நாலாம் பாகம்

எங்க வீட்டுல சினிமாங்கிற பேச்சே ஆகாது. எங்கய்யா ஆவூர்ப் பக்கத்துல ஒரு சின்னக் கோயிலுக்கு உபதேசியார். சாமியார் வராத வாரத்துல ஜெபம் சொல்லி வைக்கிறவர் வீட்டுப் பொம்பளப் பிள்ளைக கொட்டகையில உக்காந்திருந்தா ஊரு சும்மா விடுமா? அந்த மனுசனே என்னையும் எங்கக்காளையும் கூட்டிக்கிட்டு புதுக்கோட்டைக்குப் படம் பாக்கப் போனார்னா, அதுக்குக் காரணம் ஒரு பேய்.

அது இங்கிலீஷ்காரப் பேய். அறுபதுகளோட ஆரம்பம்னு நெனைக்கிறேன். நெட்டையா, கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு, இடிஞ்ச கல்லுக்கோட்டையில குடியிருக்கும். நாங்க வச்ச பேரு அங்கிப்பேய். டவுனுக்குப் போன சாமியார், அங்க யாரோ சொல்லக் கேட்டுட்டு வந்து, அந்தப் பேய் சிலுவையைக் கண்டா சுருண்டு விழுதாம்னு ஐயாகிட்ட சொல்லிட்டார். போதாதா? பக்திப் படம்னு முடிவாயிருச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட பஸ் ஏறி, காலைக் காட்சிக்குப் போனோம். தெருப் பொம்பளைக பத்துப் பேரும் கூடவே கெளம்பிட்டாங்க.

பேசுனது ஒரு எழுத்துப் புரியலை. ஆனா பேய் வந்து நின்னதும், எங்க பெஞ்சு மொத்தமும் ஜெபமாலையை எடுத்து, அதுல தொங்குற சிலுவையைத் திரைக்கு நேராத் தூக்கிப் பிடிச்சுது. யாரும் சொல்லிக் குடுக்கலை. கொஞ்ச நேரத்துல படத்துல இருந்தவனும் ஒரு சிலுவையைத் தூக்க, பேய் பொசுங்கிப் போச்சு. எங்க பெஞ்சாலதான் அது செத்துச்சுன்னு எங்களைப் பெத்த ஆத்தா கடைசி வரைக்கும் நம்பினா. வெளிய வந்தா மண்டையைப் பிளக்குற வெயில். அந்த வெயில்லயும் அக்கா பயந்துக்கிட்டு என் கையை விடாமத்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா.

செத்த பேய் அடுத்த வருசமே திரும்ப வந்துச்சு. அப்புறம் மூணாம் பாகம். எங்களுக்கு அது ஒண்ணுதான் சினிமா. ஒரு பாகத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல, அக்கா குழவியைச் சுத்த, நான் மாவைத் தள்ளிவிட, அடுத்த தடவை அது எப்படி உசுரோட வரும்னு கதை கட்டுவோம். அவ சொல்ற பேய் எங்க வீட்டுக் கெணத்துல எறங்கி, சித்தன்னவாசல் குகையில போய்த் தலையைத் தூக்கும். நான் பயந்து கத்துனா ஆத்தா ரெண்டு பேரையும் வைவா.

நாலாம் பாகம் வர்றதுக்குள்ள அக்காவுக்குக் கல்யாணமாயிருச்சு. மாப்பிள்ளைக்கு மலேயாவுல, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை. படம் வந்த அடுத்த வாரம் நாகப்பட்டினத்துல கப்பல். அவளுக்குப் போக மனசே இல்லை, சோத்துத் தட்டு முன்னால உக்காந்து அழுவா. எனக்கு ஒரே வெறி. இந்தப் படத்தை அவளோட பாத்துரணும், அவ பயந்து சிரிச்சு என் கையை நசுக்கணும், அந்த நெனப்போட கப்பல் ஏறணும். ஐயா காலைப் பிடிக்காத கொறையாக் கெஞ்சிச் சம்மதிக்க வச்சேன்.

நாசமாப் போன படம்! இத்தனை வருசம் கழிச்சு எழுதும்போதும் பத்திக்கிட்டு வருது. முக்கால் மணி நேரம் பேயே இல்லை. நாலு பேரு மேசையில உக்காந்து சூப்புக் குடிச்சுக்கிட்டே பேசுறான், பேசுறான், பேசிக்கிட்டே இருக்கான். எங்க பெஞ்சு பழக்கதோசத்துல ஆரம்பத்துலயே சிலுவையைத் தூக்கிருச்சு. கை கடுத்துப்போய் ஒவ்வொருத்தியா எறக்கிட்டாங்க. ஒருவழியாப் பேய் வந்துச்சு, பாத்தா ஆளையே மாத்திட்டான். குட்டையா, தொப்பையும் தானுமா, அங்கி தரையைக் கூட்டுது. கடைசியில ஒரு செவரு இடிஞ்சு மேல விழுந்து செத்துத் தொலைஞ்சுது. சிலுவை ஒரு எடத்துலயும் இல்லை.

வெளிய வந்த ஐயா, இந்தப் பேய்க்கும் நமக்கும் இனிமே ஒரு சோலியும் இல்லைன்னுட்டார். நான் பஸ் ஸ்டாண்டுல ஓன்னு அழுதேன். பிள்ளை பயந்துருச்சுன்னு பொம்பளைக என் நெத்தியில சிலுவை போட்டு விட்டாங்க. அக்கா மட்டும் அழலை. கடுத்துப்போன தன் தோளைப் பிடிச்சு விட்டுக்கிட்டே நின்னா. எங்க பெஞ்சுல கடைசி வரைக்கும் கையை எறக்காதவ அவ ஒருத்திதான். இந்தக் கண்றாவிக்கு நீ எதுக்குக்கா தூக்கிப் பிடிச்சேன்னு கேட்டேன்.

"எறக்குனா படம் முடிஞ்சு போயிருமோன்னு இருந்துச்சுடி"ன்னா.

அவ போய் மூணு வருசம் கழிச்சு, நான் டவுன்ல டீச்சர் டிரெயினிங் படிக்கையில அஞ்சாம் பாகம் வந்துச்சு. ஐயாவுக்குத் தெரியாமத் தனியாப் போனேன். நாலாவதே தேவலைங்கிற மாதிரி இருந்துச்சு. அதை அவளுக்கு எழுத மனசு வரலை. எட்டுப் பக்கம் பொய் எழுதினேன். பழைய நெட்டைப் பேயே திரும்ப வந்துருச்சு, கெணத்துல எறங்கிக் குகையில தலையைத் தூக்குச்சு, நம்ம பெஞ்சு மொத்தமும் சிலுவையைத் தூக்குச்சு, நீ இல்லாததுதான் கொறைன்னு.

ஒரு மாசத்துல ஏர்மெயில்ல பதில் வந்துச்சு. அந்தப் படம் அங்க முன்னாடியே வந்துருச்சாம். பாதியில எந்திரிச்சு வந்துட்டாளாம். வீட்டுல எல்லாரும் சொகந்தானான்னு கேட்டுட்டு, கடைசியில இப்படி எழுதியிருந்தா: "நீ பாத்த படந்தான் நல்லாருக்கு. நான் அழுதுக்கிட்டே படிச்சேன். ஆறாம் பாகம் வந்தா உடனே எழுது."

ஆறாம் பாகம் எங்க ஊருப் பக்கம் வரவே இல்லை. ஆனா அவ கடுதாசி வந்த மறுநாளே நான் அதோட கதையை எழுதிப் போட்டேன்.