அண்ணி கேட்டு வாங்கிய லென்ஸ்

ஸ்டுடியோவின் கண்ணாடி மேசைமேல் இரண்டு கேமராக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று கொஞ்சம் புதியது. அதோடு இரண்டு ஜூம் லென்ஸ், பை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துத் தருவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னார். இன்னொன்று பழைய பாடி. கை பிடிக்கும் இடத்தில் ரப்பர் தேய்ந்து பளபளத்தது. அதற்கு ஒரே ஒரு லென்ஸ், ஐம்பது எம்.எம். கிட்டே இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. நாம்தான் நடந்து போகவோ பின்வாங்கவோ வேண்டும். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் புது மாடலுக்கு மாறிக்கொண்டிருந்தார், பழையதைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. நான் சீட்டு எடுத்த பணத்தோடு என் முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்க வந்திருந்தேன். துணைக்கு அண்ணியை அழைத்து வந்திருந்தேன்.

பட்டுப்புடவைகளைப் படம் எடுத்து போன் வழியாக விற்பதுதான் என் தொழில். போனில் எடுத்தால் அரக்கு ரத்தச் சிவப்பாக வரும், ஜரிகை வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும். பார்சலைப் பிரித்துப் பார்த்தவர்கள், இந்த நிறத்தையா காட்டினீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். கேமரா இல்லாமல் இனி ஓட்ட முடியாது என்றான பிறகு, ஒரு மாதம் வீடியோக்களாகப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டின்படி நான் எடுக்க வேண்டியது இரண்டு லென்ஸ் உள்ள செட்டை. கையைக்கூட அதன் மேல் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அண்ணி பேசினாள். வெளியாட்கள் முன்னால் வாய் திறக்காதவள். வெளிச்சம் கம்மியாக இருக்கிற ரூமில் எது நன்றாக எடுக்கும் என்று அவரைக் கேட்டாள். ஐம்பதுதான், ஓட்டை பெரிது, இருட்டில்கூட வாங்கும் என்றார் அவர். அதன் பிறகு அவள் கேட்ட கேள்வி எனக்கு அன்று விளையாட்டாகத்தான் பட்டது.

"எதுவுமே இல்லாத எடத்த காட்னா இது என்னா பண்ணும்ணா?"

அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பழைய கேமராவை எடுத்து, பின்னால் இருந்த வெள்ளைத் திரையை நோக்கிப் பிடித்துப் பொத்தானைப் பாதி அமுக்கினார். லென்ஸ் உள்ளே கிர்ரென்று முன்னும் பின்னும் தேடியது. தேடித் தேடி ஓய்ந்தது. முழுக்க அமுக்கினார், படம் விழவில்லை.

"புடிக்கிறதுக்கு ஒரு பொருள் வேணும்மா. கெடைச்சா பீப்புனு சொல்லும். கெடைக்கலன்னா நீங்க எவ்ளோ அமுக்குனாலும் எடுக்காது."

"இதையே வாங்கிக்கலாம்மா," என்றாள் அண்ணி என்னிடம். எங்கள் வீட்டில் புடவையை விரித்துப் படம் எடுக்கும் நடு ரூமில் வெளிச்சம் குறைவு. அதை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பழைய தறி வீடு. நடு ரூமில் தறி போட்டிருந்த குழியை மூடி சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிவப்புத் தரையின் நடுவே அந்தச் சாம்பல் நிறச் சதுரம் தனியாகத் தெரியும். ஓட்டுக் கூரையில் பதித்திருந்த ஒரே ஒரு கண்ணாடி வழியாக முற்பகலில் வெயில் ஒரு கம்பம்போல அதன் மேல் இறங்கும். அண்ணி அந்தச் சதுரத்தை மிதிக்க மாட்டாள். கையில் கொதிக்கிற சோற்றுப் பானை இருந்தாலும் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள், அங்கே காலை வேளையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. யார் என்று அண்ணன் கேட்டான். தெரியவில்லை, முதுகு மட்டும்தான் தெரிகிறது, தறியில் உட்காருகிற மாதிரி கால் கீழே குழிக்குள் இருக்கிறது என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு நிம்மதி போயிற்று. அம்மா மந்திரித்துத் தாயத்து வாங்கி வந்து கட்டினாள். அண்ணன் டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் தூங்கி வழிந்தாள், அதற்கும் திட்டு விழுந்தது. அம்மா சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு, பொண்ணு சரியில்லை, மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று சொல்வது பக்கத்து ரூமில் இருந்த அவள் காதிலும் விழும். நான் வீட்டுக்காரரை விசாரித்தேன். அங்கே குடியிருந்த தறிக்காரக் குடும்பம் நல்லபடியாக வாழ்ந்து, மகனோடு இருக்க வெளியூர் போயிற்று. யாரும் அங்கே சாகவில்லை, ஒரு சண்டை சச்சரவுகூட இல்லை என்றார். அண்ணி அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். சரியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினோம்.

கேமரா வந்ததும் என் தொழில் மாறியது. ஒரு முந்தானையை விரித்து அதிலிருந்த மயிலின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால், அந்தக் கண் மட்டும் ஊசி முனையாகத் தெரிந்து மீதி எல்லாம் கரைந்து நிற்கும். அரக்கு அரக்காகவே வந்தது. முழுப் புடவையும் படத்துக்குள் வர, என் முதுகு எதிர்ச்சுவரில் முட்டும்வரை பின்வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அண்ணி மடிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். எப்படி அமுக்குவது என்று ஒருநாள் கேட்டாள், சொல்லிக் கொடுத்தேன். பாதி அமுக்கு, சத்தம் வந்ததும் மீதியை அமுக்கு. அதற்குமேல் நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் என் மெமரி கார்டு நிறைந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் சும்மா கொடுத்த சின்ன கார்டு ஒன்று பையின் ஓரத்தில் கிடந்தது, அதைப் போட்டேன். அதில் ஏற்கெனவே படங்கள் இருந்தன. நாற்பதுக்கு மேல். எல்லாம் ஒரே படம். எங்கள் நடு ரூம், ஒரே கோணம், ஒரே உயரம், ஓட்டுக் கண்ணாடியிலிருந்து இறங்குகிற அதே வெயில். நேரத்தைப் பார்த்தேன். நான் புடவை எடுக்கக் கடைக்குப் போய்விடுகிற, அம்மா கோயிலுக்குப் போகிற காலை நேரம். படத்தில் ஆள் இல்லை, பொருள் இல்லை. பின்சுவர் மங்கலாக இருந்தது. அண்ணிதான் ஏதோ தெரியாமல் எடுத்திருக்கிறாள் என்று அழிக்கப் போனேன். அப்போதுதான் கீழே, தரையில், ஒரு விரற்கடை அகலத்துக்குக் கோடு போட்டதுபோல ஒரு பட்டை மட்டும் தெளிவாக இருப்பதைக் கவனித்தேன். அந்தப் பட்டை சிமெண்ட் சதுரத்தின் நடுவே ஓடியது. அதற்கு முன்னாலும் மங்கல், பின்னாலும் மங்கல். எல்லாப் படத்திலும் அப்படியே.

எனக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. அந்த லென்ஸ் சுவரைப் பிடிக்கவில்லை. சுவருக்கு நாலைந்து அடி முன்னால், சதுரத்துக்கு மேலே, வெறும் காற்றில் எதையோ பிடித்திருக்கிறது. அதுவும் தரையில் அல்ல; ஃபோகஸ் வைத்த புள்ளியைத் திரையில் போட்டுப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கிற ஒருவரின் தோள் உயரத்தில் அந்தச் சிவப்புப் புள்ளி இருந்தது. தரையைப் பிடித்துவிட்டுக் கேமராவை மேலே தூக்கி எடுத்தால் இப்படி வரும் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வித்தையை நான் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு, வீட்டில் யாரும் இல்லாதபோது, அவள் நின்ற இடத்தில் நின்றேன். தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. வெயில் கம்பம் சதுரத்தின் மேல் இறங்கியிருந்தது. கேமராவைத் தூக்கி, நடுப்புள்ளியைச் சுவரில் வைத்துப் பாதி அமுக்கினேன். லென்ஸ் தேடியது. முன்னால் போய், பின்னால் வந்து, திரும்பவும் முன்னால் போயிற்று. ஒன்றும் இல்லை என்று எனக்கு மூச்சு வந்தது. விரலை எடுக்க நினைத்த அந்த நொடியில் அது நின்றது. சுவர் கரைந்து போயிருந்தது. கீழே சிமெண்டில் இருந்த ஒரு மயிரிழை வெடிப்பு மட்டும் அப்படியே தெளிவாகத் தெரிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. பீப் என்றது.

நான் மீதியை அமுக்கவில்லை. விரலை எடுத்துவிட்டேன். கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே வந்தேன். பின்னொரு நாள் ஸ்டுடியோக்காரரிடம் பொதுவாகக் கேட்டபோது, வெயிலில் பறக்கிற தூசியைப் பிடித்திருக்கும் என்றார். சற்று யோசித்துவிட்டு, தூசியை ஒரு தடவை பிடிக்கும், தினமும் அதே இடத்தில் எப்படிப் பிடிக்கும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

நான் அந்த பீப்பைக் கேட்ட வாரத்தின் கடைசியிலேயே, கூடத்தில் வைத்து அண்ணி அந்தப் படங்களை அண்ணனிடம் காட்டிவிட்டாள். எதற்காக அந்த லென்ஸைக் கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது. தன் பேச்சை நம்பாதவர்கள் ஒரு மெஷினையாவது நம்புவார்கள் என்று நினைத்திருக்கிறாள். படத்தில் ஆள் வரவில்லை, ஆனால் எதுவுமே இல்லாத இடத்தில் இது எடுக்காது, கடைக்காரரே சொன்னார் என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். முகம் கறுத்துப் போனது. கேமராவை என் பக்கம் நீட்டினான்.

"உனுக்குத்தான இதெல்லாம் தெரியும். இதுல எதனா இருக்குதா, சொல்லு."

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லக் காத்திருந்த நேரம் அது. இருக்கிறது என்று நான் சொன்னால் அந்த வீட்டில் சரியில்லாதவர்கள் இரண்டு பேர் ஆவோம். அப்படிக் கணக்குப் போட்டேனா, அல்லது வெறும் பயமா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஒண்ணும் இல்லண்ணா," என்றேன். "கை ஆடியிருக்குது."

இரண்டு நாள் கழித்து அண்ணன் அண்ணியை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், கூரம் கிராமத்திலிருக்கும் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றுதான் பேச்சு. அவள் வரவில்லை, இவனும் போய்க் கூப்பிடவில்லை. பெரியவர்கள் பேசி, வக்கீல் பேசி, பிரிந்துவிட்டார்கள். எனக்கும் கல்யாணம் ஆகி அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தேன்.

போன மாதம் ஐயம்பேட்டைக்கு ஒரு புடவை வாங்கப் போயிருந்தேன். திரும்புவதற்குப் பேருந்துக்காக நின்றபோது, நிறுத்தத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள், கழுத்தில் வேலை செய்கிற இடத்து அடையாள அட்டை. அவள்தான் முதலில் சிரித்தாள். ஏனாத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறாளாம். மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. எனக்குக் குழந்தை எத்தனை, அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தாள். அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை. பேருந்து வந்துவிட்டால் இந்தப் பேச்சு வாழ்நாளுக்கும் நடக்காது என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணி, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நீங்க எடுத்த படத்த அதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். நானும் நின்னு பார்த்தேன். எனக்கும் பீப்புனு சொல்லுச்சு."

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்மா. அந்த வாரமே திடீர்னு நீ புடவையெல்லாம் தோட்டத்துக்குத் தூக்கினு போய்ட்டியே. அந்த ரூம்ல ஒரு படம்கூட எடுக்கல. வெளிச்சத்துக்காகப் போறேன்னு சொன்ன. வெளிச்சம் இல்லாத எடத்துக்குன்னுதான அந்த லென்சே வாங்குனோம்."

தெரிந்துகொண்டேதான் அன்று கூடத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். காஞ்சிபுரம் பேருந்து தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஏதோ நினைவு வந்தவளாக என் பக்கம் குனிந்தாள்.

"பீப் கேட்டப்பறம் அமுக்குனியா?"

"இல்ல அண்ணி. கைய எடுத்துட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம்போல ஒன்றுதான் இருந்தது.

"அமுக்கியிருக்கணும்மா," என்றாள். "என்கிட்ட ஒரு நாளும் அது திரும்பல, முதுகுதான் காட்டுச்சு. உன் பக்கம் திரும்பியிருக்குமோ என்னமோ."

பேருந்து வந்து நின்றது. அவள் ஏறிப் பின்பக்கம் போனாள். நான் அதில் ஏறவில்லை. அடுத்த பேருந்து வரும்வரை அந்த வெயிலில் நின்றேன்.